பல்லியும் முக்காலியும்

எனக்கு முதல் மெமோ வந்தது, எழுந்து நின்றதற்காக. திருடினான், குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று எழுதியிருந்தால்கூட அதில் ஒரு மரியாதை உண்டு. 'அனுமதியின்றி இருக்கையை விட்டு எழுந்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது' என்று அடித்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ஆனால் ஆபீஸ் தமிழ் பிடிபடாது. எங்கள் பிரிவு நர்ஸ் எமரன்சியா சிஸ்டர்தான் வாசித்துச் சொன்னார். வாசிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

என் பெயர் கொம்பையா. எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில், குழந்தைகள் அவசரப் பிரிவு வாசலில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வாசலுக்கு உள்ளே இடது பக்கம் ஒரு முக்காலி. அது என்னுடையது. அதற்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிய சக்கரக் கட்டில் ஒன்று நிற்கும். மோசமான பிள்ளை வந்தால் நான் எழுந்து, கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு, முன்னால் இழுப்பேன். சளி, காய்ச்சல் என்றால் எழ மாட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வரிசையைக் காட்டுவேன். இவ்வளவுதான் என் உத்தியோகம்.

எது மோசமான பிள்ளை என்று எப்படித் தெரியும் என்றால், சொல்லத் தெரியாது. எங்கள் ஊர்க்காரிகள் சித்திரை வெயிலிலும் பிள்ளைக்குக் குல்லா போட்டு, துண்டைச் சுற்றி, அதற்கு மேல் சேலைத் துணியையும் போர்த்தி மூட்டையாகத்தான் கொண்டுவருவார்கள். துணியை எடு தாயி என்பேன். குல்லாவை உருவும்போது பிள்ளை கையை உதறிக் கத்தினால் எனக்குக் கவலையில்லை. உருவினதே தெரியாமல் கிடந்தால் என் கால் தானாக எழுந்துவிடும். அந்த வாசலில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தால் நாய்க்கும் இது தெரியும்.

இதைச் செய்யத்தான் கோடிக்கணக்கில் ஒரு மெஷின் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரத்து முப்பத்தெட்டில். கம்பெனிக்காரர்கள் அதற்குத் தளிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசல் நிலைக்கு மேலே சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருக்கும். விளக்கு மாறும்போது டிக் என்று சத்தம். துப்புரவுப் பெண்கள் அன்றைக்கே அதற்குப் பல்லி என்று பெயர் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் டாக்டர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

பல்லிக்குக் கீழே மெத்தை தைத்த ஒரு பலகை. அதில் பிள்ளையைக் கிடத்த வேண்டும். பச்சை எரிந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசை. மஞ்சள் என்றால் அரை மணிக்குள் டாக்டர். சிவப்பு என்றால் அந்த நிமிஷமே உள்ளே. முன்பு இதைப் பார்க்க ஒரு நர்ஸ் வாசலிலேயே இருந்தார். பல்லி வந்த மறுமாதம் அவரை வேறு வார்டுக்குத் தூக்கிவிட்டார்கள். என்னையும் தூக்கியிருப்பார்கள். சண்டை போடுகிற அப்பன்களை வெளியே தள்ள மெஷினுக்குக் கையில்லை, அதனால் விட்டுவைத்தார்கள்.

மாட்ட வந்தவள் தன்ஷிகா என்ற சென்னைப் பெண். எஞ்சினியர், முப்பது வயதிருக்கும். மரியாதையான பெண்தான். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள், அதுதான் எனக்கு ஆகாது. எங்கள் வாசல் கேமராவில் பதிவான இரண்டு வருஷப் படத்தையும் பல்லிக்குக் காட்டினார்களாம். எந்தப் பிள்ளை வந்தது, உள்ளே போய் என்ன ஆனது, பிழைத்ததா, போனதா, எல்லாக் கணக்கையும் கொடுத்துவிட்டார்களாம். அதே கேமரா இருந்த இடத்தில்தான் பல்லியையும் மாட்டினாள்.

"நெஞ்சப் பாரு, மூக்கப் பாருன்னு நீங்க சொல்லிக் குடுக்கலையா தாயி?" என்று கேட்டேன்.

"இல்லங்க ஐயா. எதப் பாத்தா சரியா வருதோ, அத அதுவே கண்டுபிடிச்சுக்கும்."

"சொல்லிக் குடுக்காம எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள்.

என்னையே மடக்கிவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

பல்லி நன்றாக வேலை செய்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். கம்பெனிக்கு விருது கிடைத்தது. இன்னும் ஆறு ஊர் ஆஸ்பத்திரிகளில் மாட்டினார்கள். அங்கே மட்டும் அவ்வளவு சரிவரவில்லை. பிள்ளையைக் கிடத்தத் தெரியவில்லை என்று அந்த ஊர் ஆட்களுக்குத் தன்ஷிகா போய்ப் பயிற்சி கொடுத்தாள். எங்கள் ஊரிலும் தினமும் இரண்டு தடவை காரணமே இல்லாமல் சிவக்கும். ஜாக்கிரதையான மெஷின் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

எனக்கு ஒரே எரிச்சல் என்னவென்றால், நான் எழுந்து பிரேக்கைத் தட்டிய பிறகுதான் அது சிவக்கும். ஒரு மூச்சு நேரம் பிந்தி. சோம்பேறிக் கழுதை என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் இதையே தலைகீழாகச் சொன்னார்கள். விளக்கு எரிந்ததும் கொம்பையா என்ன சுறுசுறுப்பாக எழுந்திருக்கிறான் பார் என்றார்கள். போய்த் தொலைகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் சென்னையிலிருந்து அதிகாரிகள் ஐந்து பேர் பல்லியைப் பார்க்க வந்தார்கள். அந்த நேரம் பார்த்து வலிப்போடு ஒரு பிள்ளை வந்தது. நான் எழுந்தேன், கட்டிலை இழுத்தேன், அதற்குப் பிறகு டிக். அதிகாரிகளில் ஒருவர் சிரித்துக்கொண்டு, இவரே போதும் போலிருக்கிறதே, மெஷின் எதற்கு என்று கேட்டுவிட்டார். எங்கள் பெரிய டாக்டர் முகம் கறுத்துப் போனது. திங்கட்கிழமை காலையில் மெமோ. இனி விளக்கு சிவந்த பிறகுதான் முக்காலியை விட்டு எழ வேண்டும் என்று உத்தரவு.

"விடுங்க அண்ணாச்சி," என்றார் எமரன்சியா சிஸ்டர். "உங்களுக்கும் முட்டி வீங்கித்தான கெடக்கு. அவனுவ சொல்லுத மாதிரியே உக்காந்துக்கிடுங்க. லைட்டு எரிஞ்சா எந்திரிங்க."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஆனால் உட்கார்ந்தேன். வீம்புக்கு உட்கார்ந்தேன். மூன்று நாள் டீக்குக்கூட எழவில்லை, முக்காலிக்கே வரவழைத்துக் குடித்தேன்.

அந்த மூன்று நாளும் ஒரு சிவப்பும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளை மஞ்சளில் காத்திருக்கும்போதே மோசமாகி, டாக்டரம்மா தற்செயலாக வெளியே வந்ததால் பிழைத்தது. மற்றபடி ஊருக்கு நல்ல காலம் என்று பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு பவதாரணி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண், காலில் உப்புப் பூத்த வெள்ளை அப்படியே இருந்தது. கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. வழக்கம்போல மூட்டை. இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லையாம், இருமலாம். எங்கே காட்டினாய் என்றால், தொக்கம் எடுக்கக் கொண்டுபோனாளாம். தொண்டையில் சோறு சிக்கியிருக்கிறது என்று ஒருத்தி பிள்ளையின் தொண்டையை நீவி, வாயில் ஊதி, தன் கைக்குள் மறைத்து வைத்திருந்த பருக்கையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு காலையும். இந்த ஊரில் தொக்கம் எடுக்காமல் எந்தப் பிள்ளையும் என் வாசலுக்கு வந்ததில்லை. கத்திக் கத்தி என் தொண்டைதான் போயிருக்கிறது.

துணியை எடு என்றேன். பலகையில் கிடத்திக் குல்லாவை உருவினாள். பிள்ளை கையை அசைக்கவில்லை.

மூக்குத் துளை இரண்டும் விரிந்து விரிந்து மூடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக ஆடியது. விலாவுக்குக் கீழே ஒரு விரல் போகிற அளவுக்குக் குழி விழுந்தது. ம், ம் என்று ஒரு முனகல், புறா மாதிரி.

என் கால் எழுந்தது. நான் தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

டிக். பச்சை.

இந்த இடத்தைத்தான் நான் சரியாகச் சொல்ல வேண்டும். மெமோவுக்குப் பயந்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அது முழு உண்மை இல்லை. பார்ப்போம், இந்தப் பல்லியின் சாமர்த்தியத்தை ஊரே பார்க்கட்டும் என்று எனக்குள் ஒருத்தன் சொன்னான். அது மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அதற்கு அந்தப் பிள்ளைதான் கிடைத்தது.

பவதாரணி டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளையை மறுபடியும் போர்த்தினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மாமா, பச்சைன்னா ஒண்ணும் இல்லதான?"

"பல்லி சொல்லிட்டுல்லா," என்றேன். "பொறவென்ன?"

அவள் முகம் தெளிந்துவிட்டது.

எதிர்ச்சுவரில் கடிகாரம். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சிலிருந்து முனகல் வந்துகொண்டே இருந்தது. வரிசையில் அடுத்ததாக நாலு வயதுப் பெண் ஒன்றைக் கொண்டுவந்து பலகையில் கிடத்தினார்கள். மூக்கில் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியே அதிர அழுதது. அந்தக் கூப்பாட்டுக்கு நடுவிலும் எனக்கு முனகல்தான் கேட்டது. திடீரென்று அது நின்றது.

"அப்பாடா, பாப்பா தூங்கிட்டு," என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

நான் எழுந்தேன். பன்னிரண்டு முப்பத்தொன்று.

எழுந்த உடனே டிக். சிவப்பு. இரண்டு நர்ஸுகள் ஓடிவந்து, பலகையில் கத்திக்கொண்டிருந்த புளியங்கொட்டைக்காரியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அது அவர்களை உதைத்தது. அதில்லை, இது, இது என்று நான் கத்தினேன். யாரும் திரும்பவில்லை. பவதாரணியின் மடியிலிருந்து பிள்ளையை நானே பிடுங்கிச் சக்கரக் கட்டிலில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். உதடு நாவற்பழ நிறம். எமரன்சியா சிஸ்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். மூச்சு ஊதுகிற பையை முகத்தில் வைத்து அமுக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா தொண்டையில் குழாய் போட்டார். என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.

சாயங்காலம் வரைக்கும் உயிர் உண்டு, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நுரையீரலில் சளி கட்டி, மூச்சு விட்டு விட்டுக் களைத்துப் போயிருந்ததாம். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் மூச்சு நின்றே இருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். யாரையும் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. சும்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்.

மறுநாள் தன்ஷிகா சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, தளிர் தன் வேலையைச் செய்திருக்கிறது, பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குச் சரியாகச் சிவப்பு காட்டியிருக்கிறது, நீங்கள்தான் பிள்ளையை மாற்றிக் கிடத்திவிட்டீர்கள் என்றாள். பெரிய டாக்டரும் தலையாட்டினார். ராத்திரி முழுக்க அந்தப் புளியங்கொட்டைக்காரிக்கு எதற்குச் சிவந்தது என்றுதான் யோசித்திருந்தேன்.

உள்ளே போனேன். மூச்சு ஊதிப் பழகுவதற்கு நர்ஸுகள் வைத்திருக்கிற ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து பலகையில் கிடத்தினேன். என்ன செய்கிறீர்கள் என்று பெரிய டாக்டர் அதட்டினார். நான் முக்காலியில் போய் உட்கார்ந்தேன்.

டிக். பச்சை.

பொம்மையை எடுத்துத் திரும்பக் கிடத்தச் சொன்னேன். தன்ஷிகாவே கிடத்தினாள். நான் எழுந்து நின்றேன்.

டிக். சிவப்பு.

உட்கார்ந்தேன், பச்சை. எழுந்தேன், சிவப்பு. முட்டி வலித்தது, ஆனாலும் ஏழு தடவை செய்தேன். எட்டாம் தடவை தன்ஷிகா, போதும் ஐயா என்றாள்.

"அந்த ரெண்டு வருஷப் படத்துலயும் நான் இருக்கேனா தாயி?"

"மூலைல இருக்கீங்க." குரல் இறங்கிவிட்டது. "மோசமான குழந்தை வந்தப்பல்லாம் நீங்க எந்திரிச்சிருக்கீங்க. நெஞ்சக் கவனிக்கிறத விட அது சுலபம். அது அதப் பிடிச்சுக்கிச்சு."

"அப்போ பிள்ளையவே பாக்கலையா?"

"பாத்திருக்கலாம். பாக்க வேண்டிய அவசியம் வரல."

பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். தினமும் இரண்டு பொய்ச் சிவப்பு வருமல்லவா, அது பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும்தான் வருமாம். வெயில் ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம், பிள்ளைகள் உடம்புச் சூடு என்று அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்களாம். அது நான் டீ குடிக்க எழுகிற நேரம். எமரன்சியா சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

"அந்த ஆறு ஊர்ல வாட்ச்மேன் எங்க உக்காருவான்?" என்று கேட்டேன்.

"வெளிய, கேட் பக்கத்துல," என்றாள். "ரெண்டு ஊர்ல வாட்ச்மேனே இல்ல."

அங்கே எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. பலகையின் ஓரத்தில் அந்தப் பொம்மைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கழற்றி எறிவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? விருது வாங்கிய மெஷினை யார் கழற்றுவார்கள்? மூலையில் என் முக்காலி தெரிகிற இடத்தை மறைத்துப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் மஞ்சள் காட்டியது. புதிதாகக் கற்றுக்கொடுக்க எட்டு மாதம் ஆகுமாம். அதுவரை மறைப்பை எடுத்துவிடலாம், கொம்பையா பழையபடி எழுந்து நிற்கட்டும் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் முடிவாகியது. வாசலுக்கு அந்த நர்ஸையே திரும்பக் கொண்டுவரலாமே என்று எமரன்சியா சிஸ்டர் எழுதிக் கொடுத்தார். அந்த இடமே இப்போது பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது.

நாற்பது நாள் கழித்து பவதாரணி பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. வலது கை மடங்கியே இருக்கிறது. சத்தம் கேட்டால் திரும்ப மாட்டேன் என்கிறது. போகப் போகத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். போகிற அன்று அவள் என் முக்காலிக்கு வந்தாள். பிள்ளைக்குக் குல்லா போட்டிருந்தது. எடு என்று நான் சொல்லவில்லை.

"எல்லாரும் சொன்னாவ மாமா. நீங்க எந்திரிக்கலன்னா எம்பிள்ள இல்லன்னு," என்றாள்.

சரி தாயி, நல்லாயிரு என்று அனுப்பியிருக்கலாம். உலகத்தில் யாருக்கும் தெரியாது. கேமராவில் நான் உட்கார்ந்திருப்பது தெரியும், ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியாது.

"குல்லாவ எடுத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு பிள்ள," என்றேன். "மெஷின் மாட்டட்டும்னு உக்காந்திருந்தேன். பதினோரு நிமிஷம்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள், தான் உட்கார்ந்திருந்த இடத்தை.

"நான் ஒங்ககிட்ட கேட்டேனே மாமா," என்றாள்.

பிள்ளையின் மடங்கிய கையைத் துணிக்குள் எடுத்துவைத்துக்கொண்டு, வாசல்படியை ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் இரண்டாவது மெமோ வந்தது. ஆபத்தான நிலையில் குழந்தை வந்தும் இருக்கையை விட்டு எழாமல் இருந்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.

இந்தத் தடவை எமரன்சியா சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை மேஜையில் அறைந்தார். எழுந்ததற்கும் மெமோ, எழாததற்கும் மெமோ, இவனுகளுக்குக் கூச்சமே இல்லையா என்றார்.

"இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுராதீங்க அண்ணாச்சி. மெஷின் தப்பு பூராத்தையும் ஒங்க தலைல கட்டிட்டுப் போயிருவானுவ. மொத மெமோவக் காட்டினா கேஸே நிக்காது."

அவர் சொல்வது எனக்கும் தெரியும். கம்பெனிக்காரன், பெரிய டாக்டர், சென்னை அதிகாரி எல்லோரும் அந்த ஒரு தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவர்களை நான் நம்பியதுமில்லை, இனி நம்பப்போவதுமில்லை.

முதல் மெமோ இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். இரண்டாவதை முட்டியில் வைத்துக்கொண்டு பேனா கேட்டேன். விளக்கம் என்று போட்டிருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்கவில்லை. கொம்பையா.

மடித்துக் கொடுக்கும்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒருத்தி மூட்டையோடு இறங்கினாள். நான் பேனாவை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, துணியை எடு தாயி என்றேன்.